பிறப்பிடம் திருகோணமலை, வதிவிடம் ஸ்காபரோ: நாடுகடந்த வாழ்க்கை எண்டால் என்ன?

ஒரு மரண அறிவித்தலை எடுத்து ஆறுதலா வாசிச்சுப் பாருங்கோ. "திருகோணமலை உவர்மலையைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" எண்டு தொடங்கும், பிறகு பிள்ளைகளின்ர பேர் வரும், ஒவ்வொரு பேருக்குப் பின்னாலயும் ஒரு நாடு இருக்கும், கனடா, லண்டன், சுவிஸ், ஜேர்மனி, ஒரே ஒரு பேருக்குப் பின்னால மட்டும் இலங்கை. மருமக்கள், பெறாமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திமார் எல்லாரும் முடிஞ்ச பிறகு தொடர்புக்கு எண்டு ஐஞ்சாறு போன் நம்பர், ஒவ்வொண்டும் ஒவ்வொரு நாட்டுக் கோட்டோட. கிரியை ஸ்காபரோவில பகல் நடக்கும், இங்க அப்ப இரவு, உவர்மலையில இருக்கிற தங்கச்சி லைவ் லிங்கைத் திறந்து வைச்சுக்கொண்டு போனுக்கு முன்னால இருந்து அழுவா, சுத்திவர அயலட்டைச் சனமும் இருக்கும். 31ஆம் நாள் அங்கயும் ஆக்களுக்குச் சாப்பாடு, இங்கயும் சாப்பாடு.

இப்ப ஒரு கேள்வி. இந்தக் குடும்பம் எந்த நாட்டுல இருக்கு?

கனடா எண்டு சொன்னால் உவர்மலைத் தங்கச்சி விடுபட்டுப் போறா. இலங்கை எண்டு சொன்னால் மிச்ச எல்லாரும் விடுபடினம். நாலைஞ்சு நாட்டுல சிதறிப்போச்சு எண்டு சொல்லலாம், ஆனா சிதறின குடும்பம் ஒரே நேரத்தில ஒரே செத்தவீட்டுக்கு இருக்காது, ஒரே வட்ஸ்அப் குரூப்புல காணி உறுதியைப் பற்றிச் சண்டை பிடிக்காது, ஒரே பேத்தியின்ர சாமத்திய வீட்டுக்குச் சாறி நிறம் முடிவெடுக்காது. குடும்பம் ஒண்டுதான், அது பல நாடுகளுக்கு மேலால விரிஞ்சு கிடக்கு. இதைத்தான் சமூகவியல் படிக்கிற ஆக்கள் நாடுகடந்த வாழ்க்கை எண்டு சொல்லினம், பாடத்துல "ட்ரான்ஸ்நேஷனலிசம்" எண்டு வாறது இதுதான். ஏ லெவல் முடிச்சு கம்பஸ் போற பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கண்டு பயப்படினம், பயப்பட ஒண்டுமில்லை, எங்கட வீட்டுக்குள்ள நடக்கிற விஷயம்தான்.

1990களின்ர தொடக்கத்துல அமெரிக்காவில மூண்டு மானிடவியலாளர், நீனா கிளிக் ஷில்லர், லிண்டா பாஷ், கிறிஸ்டினா சான்டன் பிளாங்க் எண்டு மூண்டு பெண்கள், ஹெய்ட்டி, கிழக்குக் கரீபியன் தீவுகள், பிலிப்பைன்ஸ் இந்த இடங்கள்ல இருந்து அமெரிக்காவுக்கு வந்த சனத்தோட பழகி வேலை செய்திச்சினம். அதுவரைக்கும் ஆய்வாளர்மாரின்ர கணக்கு சுகமானது: ஒருத்தர் வெளிநாடு போனால் ஒண்டில் அங்கயே கரைஞ்சு அந்த நாட்டு ஆளாயிடுவார், இல்லாட்டி உழைச்சுப்போட்டுத் திரும்பி வந்திடுவார். இவை பாத்த சனம் இந்த ரெண்டுக்குள்ளயும் அடங்கேல்ல. நியூயோர்க்குல வீடு வாங்கிக்கொண்டே ஊர்லயும் வீடு கட்டிச்சினம், அமெரிக்கத் தேர்தலையும் கதைச்சு ஊர்த் தேர்தலுக்கும் காசு சேர்த்திச்சினம், பிள்ளையைப் பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மம்மாவிட்ட அனுப்பிச்சினம். இது மாறிக்கொண்டிருக்கிற ஒரு இடைக்காலம் இல்லை, இதுவே ஒரு வாழ்க்கை முறை எண்டு அவை சொன்னதுதான் இந்தக் கருத்தின்ர அடித்தளம்.

இதில நான் முக்கியமாச் சொல்ல விரும்புறது ஒண்டு இருக்கு. வெளிநாட்டுல இருக்கிறவையைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம், அவை தமிழை மறந்திட்டினமோ, பண்பாட்டைக் காப்பாத்தினமோ, பிள்ளைகள் எப்பிடி வளருது எண்டு. ஆனா திருகோணமலையை விட்டு ஒருநாளும் வெளிக்கிடாத ஆளும் இந்த வாழ்க்கைக்குள்ளதான் இருக்கிறார். பாஸ்போட்டே எடுக்காத ஒரு அம்மா, சுவிஸ்ல எப்ப வின்டர் தொடங்கும், ரொறன்ரோவில இப்ப என்ன நேரம், மகனுக்கு எந்தக் கிழமை நைட் ஷிஃப்ட் எண்டெல்லாம் விரல்நுனியில வைச்சிருக்கிறா, அவவின்ர நாள் அந்த நேரங்களைச் சுத்தித்தான் போகுது. நாடுகடந்து வாழ விமானம் ஏறத்தான் வேணும் எண்டில்லை.

சரி, இது புதுசா? சனம் கடல் கடக்கிறது புதுசில்லை. 1834இல இருந்து மொரிசியசுக்கும், 1860இல இருந்து தென்னாபிரிக்காவின்ர நேட்டாலுக்கும், 1879இல இருந்து பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளா இந்தியாவில இருந்து சனத்தைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோச்சினம், அதில தமிழரும் கனபேர். அந்தச் சனத்துக்குக் கடிதம் போறதே பெரும்பாடு, எழுதத் தெரிஞ்சவையும் குறைவு, போன ஆக்களின்ர பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப் பேர் கூடத் தெரியாமப் போச்சுது. ஆனா மொரிசியஸ் ரூபா நோட்டுல இண்டைக்கும் தமிழ் எழுத்து இருக்கு, அங்க தைப்பூசக் காவடிக்கு அரசாங்க விடுமுறை, வீட்டுல தமிழ் கதைக்காத சனம் அலகு குத்திக் காவடி எடுக்குது. இதைக் கவனிச்சுப் பாருங்கோ, அடையாளம் வேற, தொடர்பு வேற. அவையிட்ட அடையாளம் இருக்கு, ஊரோட நாளாந்தத் தொடர்பு இல்லை. வளைகுடாவில வேலை செய்யிற எங்கட மாவட்டத்துக் கிண்ணியா ஆளின்ர நிலை வேற, ஒரு நாளைக்கு மூண்டு தரம் வீட்டோட கதைக்கிறார், அந்த நாட்டு ஆளா ஒருநாளும் ஆகப்போறதில்லை. ஸ்காபரோவில இருக்கிறவருக்கு ஊர்த் தொடர்பும் உண்டு, அந்த நாட்டு ஆளா ஆகிற வழியும் உண்டு. படிக்கேக்க அடையாளத்தையும் தொடர்பையும் போட்டுக் குழப்பாமல் இருந்தால் பாதி விளங்கின மாதிரி.

எங்கட பக்கத்துல தொடர்பு இவ்வளவு இறுக்கமா இருக்கிறதுக்குக் காரணம் போன விதம்தான். 1983 யூலை வன்செயலுக்குப் பிறகு வெளிக்கிட்ட சனம் விரும்பிப் போன சனம் இல்லை, அம்மா அப்பாவை, காணியை, பாதி படிப்பை விட்டிட்டுப் போன சனம். 1986 ஓகஸ்ட் மாசம் கனடாவின்ர நியூபவுண்ட்லாந்துக் கரைக்குக் கிட்ட ரெண்டு உயிர்காப்புப் படகுகள்ல 155 தமிழர் மிதந்துகொண்டிருந்ததை மீன்பிடிக்கப் போனவை கண்டு காப்பாத்திச்சினம். திருகோணமலைக் கரையில இருந்து 1990இலயும் 2006இலயும் கனசனம் மன்னார்ப் பக்கம் போய்ப் படகேறி தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்திச்சினம். இப்பிடிப் போனவைக்கு ஊர் எண்டது முடிஞ்சுபோன கதை இல்லை, அங்க இன்னும் ஆள் இருக்கு, ஆளுக்கு ஆபத்தும் இருக்கு. அதாலதான் போன அடுத்த நாள்ல இருந்தே காசும் கடிதமும் திரும்பி வரத் தொடங்கிச்சுது, அது நிக்கவேயில்லை.

முதல்ல காசைப் பாப்பம், ஏனெண்டால் கண்ணுக்குத் தெரியிற நூல் அதுதான். வங்கியால வாறது ஒரு வழி. மற்றது உண்டியல். உண்டியல் எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்லுறன். பாரிஸ்ல லாச்சப்பல்ல ஒரு கடையில அண்ணன் யூரோவைக் குடுக்கிறார். கடைக்காரர் இங்க இருக்கிற தன்ர ஆளுக்குப் பேரும் தொகையும் போன் நம்பரும் மெசேஜ் போடுறார். கொஞ்ச நேரத்தால ஒருத்தர் மோட்டார்சைக்கிள்ல வந்து வாசல்ல நிண்டு ரூபாவை எண்ணிக் குடுத்திட்டு, அண்ணனுக்குக் கோல் எடுத்துக் கிடைச்சுது எண்டு சொல்லச் சொல்லிப்போட்டுப் போவார். இதில யூரோ பிரான்சை விட்டு அசையேல்ல, ரூபாவும் இலங்கைக்குள்ளயே நிண்டது, ரெண்டு பக்க ஆக்களுக்கும் இடையில உள்ள கணக்கு பிறகு சாமான் இறக்குமதியாலயோ மறுபக்கம் காசு அனுப்ப வேண்டிய இன்னொருத்தராலயோ நேராகும். சட்டத்துக்கு வெளிய நடக்கிற வேலைதான். ஆனா யுத்த காலத்துல வங்கிக்கே போக ஏலாத இடங்களுக்கு இந்த வழியாலதான் சோத்துக்குக் காசு போச்சுது எண்டதை மறந்திட்டு அதைக் களவு எண்டு மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது.

அதேநேரம் இதின்ர மறுபக்கத்தையும் பாக்க வேணும். 2020இல இலங்கைக்கு வங்கி வழியால வந்த வெளிநாட்டு உழைப்புக் காசு 7 பில்லியன் டொலருக்குக் கொஞ்சம் மேல. 2021இல அது 5.5 பில்லியன், 2022இல 3.8 பில்லியன். வங்கியில டொலரை ஏறத்தாழ 200 ரூபாவில இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்தவை, வெளிய கூடக் குடுத்தாங்கள், சனம் உண்டியலுக்குத் திரும்பிச்சுது. 2022 மார்ச்சில ரூபாவை விட்ட பிறகு அது விழுந்து கிடந்ததும், பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில நிண்டதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டொலர் இல்லாமப் போனதுக்குப் பல காரணம், இதுவும் அதில ஒண்டு. பிறகு 2024இல திரும்ப ஆறரை பில்லியன் வரைக்கும் ஏறிச்சுது. நோர்வேயில இருக்கிற ஒரு அக்கா எந்த வழியால அனுப்புறது எண்டு எடுக்கிற முடிவு, அவவைப் போல லட்சக்கணக்கான ஆக்கள் எடுக்கேக்க, ஒரு நாட்டின்ர கஜானாவையே ஆட்டும் எண்டதுதான் இதில படிக்க வேண்டியது. எங்களுக்கு மட்டும் இல்லை, நேபாளத்தின்ர மொத்த உள்நாட்டு உற்பத்தியில ஏறத்தாழ நாலில ஒரு பங்கு வெளிநாட்டுல உழைக்கிறவை அனுப்புற காசு.

காசோட சேர்ந்து இன்னொண்டும் வருது. பெகி லெவிட் எண்டு ஒரு சமூகவியலாளர் 1990களின்ர கடைசியில டொமினிக்கன் குடியரசில ஒரு ஊரையும், அந்த ஊர்ச் சனம் போய்க் குடியிருந்த பொஸ்டனையும் சேர்த்து ஆராய்ஞ்சா. காசைப்போல பழக்கங்களும், எண்ணங்களும், இது சரி இது பிழை எண்ட அளவுகோல்களும் கூட ஊருக்கு அனுப்பப்படுது எண்டு காட்டினா, அதுக்குச் சமூகப் பணவனுப்பல் எண்டு பேர். ஊர்ல நிண்டவையும் மாறினம் எண்டு தெளிவாச் சொன்ன வேலை அது.

எங்கட டவுனைச் சுத்திப் பாத்தால் போதும். புது வீடு கட்டினால் பன்ட்ரி கபேட், ரூமுக்கு ரூம் பாத்ரூம், வெளிநாட்டுல இருந்து வாறவைக்கு வசதியா இருக்கட்டும் எண்டு. பாதி வீடுகள்ல அந்த ரூம் வருசத்துல ஒரு மாசம்தான் திறபடும். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலிஷ் சோதனையைப் பற்றிக் கதைக்குது. டொச் வகுப்புக்குப் போற பெட்டையைக் கேட்டால் மாப்பிள்ளை ஜேர்மனி எண்டு சொல்லுது, வீசாவுக்கு அந்தப் பாசை தெரிஞ்சிருக்க வேணும். காணி விலை இங்க உழைக்கிற சம்பளத்தோட ஒட்டவே ஒட்டாது, ஏனெண்டால் வாங்குற ஆளின்ர சம்பளம் இங்கத்தைச் சம்பளம் இல்லை. இது சும்மா விலையேற்றம் இல்லை, வெளிநாட்டுல ஆள் இல்லாத குடும்பம் சொந்த ஊர்லயே காணி வாங்க ஏலாமப் போகுது.

வாற எண்ணங்கள்ல நல்லதும் இருக்கு. சுவிஸ்ல பேர்ண் நகரத்துல சமயங்களின் இல்லம் எண்டு ஒரு கட்டிடம் 2014 கடைசியில திறந்தவை, ஒரே கூரைக்குக் கீழ கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம் எல்லாம் இருக்கு, அங்க இருக்கிற சைவக் கோயில்ல பெண்களும் பூசை செய்யினம், தமிழ்ல ஓதினம். அதை வீடியோவில பாத்திட்டு இங்க ஒரு பிள்ளை "அங்க ஏலுமெண்டால் இங்க ஏன் ஏலாது" எண்டு கேக்கிறது சின்ன விஷயம் இல்லை. ஆனா எல்லாமே மாறித்தான் வருது எண்டும் நினைக்கக் கூடாது, சாதி எண்டது விமானத்துல ஏறிப் போய் அங்கயும் கலியாணப் பேச்சுக்குள்ள இருக்கு, போன்ல இங்க இருந்து விசாரிச்சுத்தான் அங்க சம்பந்தம் முடிவாகுது. தொடர்பு இறுக்கமா இருந்தால் நல்லது மட்டும் கடத்தப்படும் எண்டில்லை.

கோயில் திருவிழாவைப் பாத்தால் ரெண்டு அந்தமும் எப்பிடி ஒண்டை ஒண்டு மாத்துது எண்டு விளங்கும். ஜேர்மனியில ஹம் நகரத்துல காமாட்சி அம்பாள் கோயில் 2002இல கும்பாபிஷேகம் கண்டது, கோபுரத்தோட கட்டின பெரிய கோயில், தேர் ஓடுற அண்டைக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில சனம் வரும். பாரிஸ்ல மாணிக்கப் பிள்ளையார் தேருக்கு வீதி முழுக்கத் தேங்காய் உடையும். அங்க தேர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலதான், கோடை காலத்துலதான், ஏனெண்டால் திங்கட்கிழமை எல்லாருக்கும் வேலை, குளிருக்குள்ள பால்குடம் தூக்க ஏலாது. பஞ்சாங்கம் அங்க வேலை நேரத்துக்கு வளைஞ்சு குடுக்குது. அங்கத்தைப் பள்ளிக்கூட விடுமுறை இங்கத்தை நாளையும் வளைக்குது: யூலை ஓகஸ்ட் வந்தால் வெளிநாட்டுச் சனம் வரும், அதே மாசங்கள்ல எங்கட கிழக்குக் கடலும் அமைதியா இருக்கும், உப்புவெளியும் நிலாவெளியும் நிறைஞ்சு போகும், கலியாணம், பூப்புனித நீராட்டு, வீடு குடிபூரல் எல்லாம் அந்த ரெண்டு மாசத்துக்குள்ள வைக்கப்படும், ஹோல் பிடிக்கிறதே பெரும்பாடு.

நவராத்திரி நேரம் கும்பம் எடுக்கேக்கயும் இதைக் காணலாம். பெடியள் அலங்கரிச்ச கும்பத்தைத் தலையில வைச்சு மேளத்துக்கு ஆடிக்கொண்டு வீதிவழிய வருவாங்கள், இது எங்கட திருகோணமலைக்கே உரிய ஒரு அழகு. இப்ப கும்பத்துக்கு முன்னால பின்பக்கமா நடந்துகொண்டு ஒருத்தர் போனைப் பிடிச்சிருப்பார், அந்தப் பக்கத்துல லண்டன்ல ஒருத்தர் வேலைக்கிடையில பாத்துக்கொண்டு "எங்கட வாசலுக்கு வரேக்க கொஞ்சம் கிட்டக் காட்டு" எண்டு சொல்லுவார். அந்தக் கும்பத்துக்கு மாலையும் லைட்டும் அவரின்ர காசாவும் இருக்கலாம். அவர் பார்வையாளர் இல்லை, உபயகாரர். ஊரை விட்டு விலகியிருந்து ஊரைக் கும்பிடுறது எங்களுக்கு ஒரு பழைய அனுபவமும்தான், 1622இல போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்ச பிறகு தம்பலகாமத்துல ஆதிகோணநாயகரை வைச்சுக் கும்பிட்ட சனம் நாங்கள், மலையில திரும்பவும் கோயில் எழும்ப முன்னூறு வருசத்துக்கு மேல போச்சுது.

இனி அங்க பிறந்த பிள்ளைகள். இவையின்ர அடையாளம் குழப்பம் எண்டு சொல்லுறதை நான் ஏற்றுக்கொள்ளேல்ல, அது அடுக்கடுக்கா இருக்கு, அவ்வளவுதான். ஸ்காபரோவில ஒரு பிள்ளை, இன்னொரு தமிழ்ப் பிள்ளையைச் சந்திச்சால் "நான் ட்ரிங்கோ" எண்டு சொல்லும். தமிழ்நாட்டுப் பிள்ளையிட்ட "இலங்கைத் தமிழ்" எண்டு சொல்லும். வெள்ளைக்காரர் கேட்டால் ஸ்ரீலங்கன் எண்டு சொல்லும், சில வீடுகள்ல அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டினம், தமிழ் எண்டு மட்டும் சொல்லுவினம், அதுக்குப் பின்னால யுத்தம் இருக்கு. பள்ளிக்கூடத்துல பஞ்சாபி, குஜராத்தி, வங்காளிப் பிள்ளைகளோட சேர்ந்து நிக்கேக்க "சவுத் ஏசியன்", "பிரவுன்". திருகோணமலையில யாராவது தன்னைத் தெற்காசியர் எண்டு சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறியளா? அந்த அடையாளம் புலம்பெயர்ந்த இடத்துல பிறந்தது. லாகூர்க்காரரும் வங்காளதேசத்துச் சில்லெட்டுக்காரரும் பருத்தித்துறைக்காரரும் ஊர்ல இருக்கேக்க ஒருத்தரை ஒருத்தர் சந்திச்சே இருக்கமாட்டினம், லண்டன்ல ஒரே பஸ்ஸில ஒரே வசவைக் கேட்ட பிறகுதான் ஒரே கூட்டமானவை.

அந்தக் கூட்டத்துக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கதை. பாகிஸ்தான் நிர்வாகத்துல இருக்கிற மிர்ப்பூர்ப் பகுதியில 1960கள்ல மங்களா அணை கட்டேக்க ஏறத்தாழ ஒரு லட்சம் சனம் இடம்பெயர்ந்தது, அதில கனபேர் பிரிட்டன்ல பிராட்போர்ட், பேர்மிங்காம் மில்லுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போச்சினம், இண்டைக்கும் பிரிட்டிஷ் பாகிஸ்தானியர்ல பெரும்பங்கு அந்தப் பக்கத்து வேர் உள்ளவை. வங்காளதேசத்துல சில்லெட் பக்கத்துச் சனம்தான் பிரிட்டன்ல கறிச் சாப்பாட்டுக் கடைகள்ல பெரும்பாலானதை நடத்தினது. அணை, யுத்தம், கப்பல் வேலை எண்டு தொடக்கம் வேற வேறயா இருந்தாலும் போன பிறகு ஒரே வேலையைத்தான் எல்லாரும் செய்யினம்: ஊர்ல வீடு கட்டுறது, சகோதரத்தை ஸ்பொன்சர் பண்ணுறது, சனி ஞாயிறில பிள்ளைக்குத் தாய்மொழி படிப்பிக்கிறது. ஜேர்மனியில தமிழாலயம், பிரான்சில தமிழ்ச்சோலை எண்டு பேர் வைச்சு, கிழமை முழுக்க வேலை செய்து களைச்ச ஆக்கள் சனிக்கிழமையில சம்பளம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லாமல் அ, ஆ படிப்பிக்கினம், அந்த ஆசிரியர்மாரை நினைக்க எனக்கு எப்பவும் மரியாதைதான் வரும். கனடா நாடாளுமன்றம் 2016இல ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு ஏற்றுக்கொண்டதுக்குப் பின்னாலயும் இப்பிடி உழைச்ச சனம்தான் இருக்கு.

இவ்வளவும் சொல்லிப்போட்டு நிப்பாட்டினால் நாடுகடந்த வாழ்க்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி எண்டு நினைப்பியள். அப்பிடி இல்லை, எங்கட மாவட்டத்துக்குள்ளயே இல்லை. கிண்ணியாவிலயும் மூதூரிலயும் இருந்து சவூதி, கட்டார், குவைத் போற ஆணும் பெண்ணும் கனகாலமா கஃபாலா எண்ட முறைக்குள்ள போச்சினம், வீசா முதலாளியோட கட்டப்பட்டது, முதலாளி மாறினால் வேலை மட்டும் இல்லை, அந்த நாட்டுல நிக்கிற உரிமையும் ஆட்டம் காணும், சில நாடுகள் இப்ப இந்த விதிகளைத் தளர்த்தியிருக்கு. எத்தனை வருசம் உழைச்சாலும் குடியுரிமை இல்லை. வீட்டுப் பணிப்பெண்ணாப் போற தாய்க்கு ஸ்பொன்சர் பண்ணிப் பிள்ளையைக் கூப்பிடுற வழியும் இல்லை, அவவுக்குப் பிள்ளை எண்டது ஐஎம்ஓ வீடியோ கோல்ல ராத்திரி சமையலறையில இருந்து பாக்கிற முகம். பிள்ளையை உம்மம்மா வளர்க்கிறா. அனுப்புற காசில வீடு எழும்புது, பள்ளிக்கூடச் சப்பாத்து வருது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய்க்குக் கிட்ட வர ஏலாது.

மூதூர் ரிசானா நபீக்கை இந்த நாட்டுல மறந்த ஆள் இல்லை. வயசைக் கூட்டிக் காட்டின பாஸ்போட்டோட 2005இல சவூதிக்குப் போன பிள்ளை, போய்க் கொஞ்ச நாளையிலயே அவவின்ர பொறுப்புல இருந்த குழந்தை இறந்ததுக்குக் கொலைக் குற்றம் சாட்டி, 2013 ஜனவரி 9இல மரண தண்டனையை நிறைவேத்திப்போட்டினம். ரெண்டு நாட்டுக்கு நடுவில நிக்கிற ஆளுக்கு ரெண்டு நாடும் பொறுப்பெடுக்காத நேரமும் வரும், அந்தப் பிள்ளைக்கு அதுதான் நடந்தது. நாடுகடந்த தொடர்பு எண்டு படிக்கேக்க ஸ்காபரோ உதாரணத்தை மட்டும் எழுதிக் குடுக்கிற பிள்ளைகள் தயவுசெய்து மூதூரையும் எழுதுங்கோ.

தமிழ்நாட்டு முகாம்கள்ல இருக்கிறவையின்ர நிலை இன்னொரு விதம். மொழி ஒண்டு, சாமி ஒண்டு, கடலும் சின்னக் கடல், எண்டாலும் அங்க பிறந்து வளர்ந்து பிள்ளை பெத்தவையிலயும் கனபேருக்குக் குடியுரிமை இல்லை. 2021இல அந்த இடங்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எண்டு பேர் மாத்தினவை, 2019இல இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை சேர்க்கப்படேல்ல. பண்பாட்டால கிட்ட இருக்கிறது சட்டத்தால கிட்ட இருக்கிறதாகாது எண்டதுக்கு இதை விட வேற உதாரணம் தேவையில்லை.

சட்டம் எண்டு வந்தால் எங்கட பக்கமும் ஒரு நிலையா இல்லை. இரட்டைப் பிரஜாவுரிமை 1987இல வந்தது, 2011இல நிப்பாட்டினவை, 2015இல திரும்பத் தொடங்கினவை. இரட்டைப் பிரஜை நாடாளுமன்றம் போகக் கூடாது எண்டு 2015இல 19ஆம் திருத்தம் சொன்னது, 2020இல 20ஆம் திருத்தம் போகலாம் எண்டது, 2022இல 21ஆம் திருத்தம் திரும்பவும் கூடாது எண்டது. 2014இல கன புலம்பெயர் அமைப்புகளைத் தடைப்பட்டியல்ல போட்டவை, பிறகு அந்தப் பட்டியலும் கூடிக் குறைஞ்சு கொண்டே போகுது. காணிச் சட்டமும் இருக்கு, 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இங்க காணி வாங்கத் தடை, இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டிட்டு இரட்டைப் பிரஜாவுரிமையும் எடுக்காத ஆள் வெளிநாட்டவர்தான், உவர்மலையில பிறந்திருந்தாலும் சரி. காசு வரேக்க "எங்கட உறவுகள்", உரிமை கேக்கேக்க "வெளிநாட்டுக்காரர்" எண்டு நாடு நடந்துகொள்ளக் கூடாது எண்டு நான் நினைக்கிறன். அதேமாதிரி வெளிநாட்டுல இருக்கிறவையும் இங்க இருக்கிறவைக்காக அரசியல் முடிவு எடுக்கேக்க, அதின்ர விளைவைத் தாங்கப்போறது ஆர் எண்டு ஒருக்கா யோசிக்க வேணும். காசு அனுப்புற கை மேல நிக்கும், வாங்குற கை கதைக்கப் பயப்படும், இது குடும்பத்துக்குள்ளயும் நடக்குது, ஊர்ச் சங்கத்துக்குள்ளயும் நடக்குது.

கடைசியா, இப்ப எங்கட ஊர்ல ஆக அவசரமா இருக்கிற ஒண்டு, வயசான ஆக்கள். ஆய்வுகள்ல இதை நாடுகடந்த பராமரிப்பு எண்டு சொல்லினம். பிள்ளைகள் நாலு நாட்டுல, அம்மா தனிய பெரிய வீட்டுல, வாசல்ல சிசிடிவி கமெரா, அதை ரொறன்ரோவில இருந்து மகள் பாக்கிறா. மருந்தை வாங்கிக் குடுக்கிறது பக்கத்து வீட்டுப் பெடியன், கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறது தெரிஞ்ச ஓட்டோக்காரர், சமைக்கிறதுக்கு ஒரு அக்கா வருவா, அவவின்ர மகள் குவைத்துல இன்னொருத்தரின்ர வீட்டைப் பாத்துக்கொண்டிருப்பா. கனடா 2011 கடைசியில சூப்பர் வீசா எண்டு ஒண்டைக் கொண்டுவந்தது, இப்ப ஒரு தரம் போனால் ஐஞ்சு வருசம் வரைக்கும் பெற்றார் பிள்ளைகளோட நிக்கலாம். போகினம், குளிரும் தனிமையும் தாங்க ஏலாமல் கனபேர் திரும்பி வருகினம், இங்க கோயிலும் கடலும் தெரிஞ்ச முகங்களும் இருக்கு, இரவில நெஞ்சு நொந்தால் பக்கத்துல ஆள் இல்லை.

பாடசாலைக் கட்டிடத்துக்கும் கோபுரத்துக்கும் வெளிநாட்டுப் பழைய மாணவர்மாரும் ஊர்ச் சங்கங்களும் அனுப்புற காசு பெரிய உதவி, அதை ஆரும் இல்லையெண்ண ஏலாது. அதில ஒரு பங்கை எடுத்து, டவுனுக்குள்ள வயசான ஆக்கள் பகல்ல வந்து இருக்க ஒரு இடம், கிழமைக்கு ரெண்டு தரம் வீட்டுக்குப் போய்ப் பிரஷர் பாக்கிற ஒரு தாதி, அந்த வீட்டு வேலை செய்யிற அக்காமாருக்கு ஒழுங்கான சம்பளம் எண்டு தொடங்கலாம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு பாராமல் செய்யலாம், சிலாபம் நீர்கொழும்புப் பக்கத்துல இத்தாலிக்குப் பிள்ளையை அனுப்பின சிங்களத் தாய்மாருக்கும் இதே பாடுதான். அடுத்த தரம் குடும்பக் குரூப்புல திருவிழா உபயத்துக்குக் கணக்குப் போடேக்க இதையும் ஒரு வரி எழுதிப் போடுங்கோ, ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டு கதைச்சுப் பாப்பம்.